அக்கா கடையில் கடல் ஏறும் நேரம்

பட்டதாரி செய்த கப்கேக்குகளின் மேல் பூசியிருந்த நீல கிரீம் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கியது. அதனால் அந்த வீட்டில் கேக் பெட்டிகளின் மூடிக்கும் கேக்குக்கும் நடுவே நாலு விரல் இடம் விடுவது வழக்கம். கொண்டுபோய்க் கொடுப்பதும் எப்போதும் இறக்கத்தில்தான். இத்தனை மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், மீந்தால் குழிவான தட்டில் வையுங்கள், நல்ல மேஜைவிரிப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லி அனுப்புவார்கள். கடலிலிருந்து ரயிலில் இரண்டு நாள் தள்ளி இருந்த ஊர் அது. கடல் என்றால் அங்கே காலண்டர் படம். தென்னை என்றால் சட்டைத் துணியில் அச்சடித்த மரம். பட்டதாரியும் இரண்டையும் நேரில் பார்த்தவள் இல்லை.

அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். அப்பா பதினொரு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டினார். அம்மா சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள். ஏழு வயது மூத்த அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்று, அம்மா வேலை செய்த இடத்திலேயே காலர் தைக்கப் போனாள். இரண்டு பேரைப் படிக்கவைக்க அந்த வீட்டால் முடியாது என்று முடிவானபோது மூத்தவளை நிறுத்துவதுதான் எளிதாக இருந்தது. அக்கா அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை, எங்கே நிற்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும் என்று தங்கை பிற்பாடு நினைத்ததுண்டு. வேதியியலில் பட்டம் வாங்கி வந்த அன்று தெருவே கூடி அவளைப் பட்டதாரி என்று கூப்பிட்டது. மூன்று வருடம் வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்தபோதும் அதே பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். குரல்தான் மாறியிருந்தது. "பட்டதாரி, சிலிண்டர் தீர்ந்துபோச்சாம், போய்ச் சொல்லிட்டு வா."

மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து ஒரு பழைய ஓவனை அக்காதான் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தாள். சும்மா இருக்கிற கைக்கு ஒரு வேலை என்றாள். கை வேலை முழுக்கத் தங்கைக்கு, வாய் வேலை முழுக்க அக்காவுக்கு என்று முதல் வாரமே பிரிந்துவிட்டது. தங்கைக்கு வாய் வளைந்து கொடுக்காது. முட்டை போடாமல் இதே மாதிரி மெத்தென்று வருமா என்று ஒரு அம்மாள் கேட்டபோது "வராது" என்று சொல்லிவிட்டு மாவைச் சலிக்கத் திரும்பிவிட்டாள். அக்கா வாசலுக்கு ஓடிப்போய், "அவ கெடக்கா, படிச்ச திமிரு. உங்களுக்கு வர்ற மாதிரி செஞ்சு தர்றேங்க" என்று ஆர்டரைப் பிடித்துவந்தாள். அன்றிலிருந்து வாங்குகிறவர்கள் எவரும் சமையலறைப் பக்கம் வந்ததில்லை. செய்கிறவள் யாரென்று அவர்கள் கேட்கவும் இல்லை. அக்காவும் சொல்லவில்லை. அப்போது அது ஒரு குறையாகவே படவில்லை.

தீவு மாதிரி அலங்காரம் வேண்டும் என்று முதலில் கேட்டது ஒரு பயண டிக்கெட் அலுவலகம். இருபத்து நாலு கப்கேக்குகள். பட்டதாரி வெண்ணெயை அடித்து, சர்க்கரையைச் சேர்த்து, நீலச் சாயத்தைக் குச்சி முனையில் தொட்டுத் தொட்டுக் கலந்தாள். அரை வட்டம் நீலத்தைப் பூசி, மீதி அரை வட்டத்தில் பிஸ்கெட் தூளை மணலாகத் தூவி, இரண்டும் சேருமிடத்தில் கத்தி முனையால் வெள்ளை நுரையை இழுத்துவிட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது இருபத்து நாலிலும் நீலம் மணலை மூடியிருந்தது. காகிதக் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி மேஜையிலும் ஈரம். வெண்ணெய் இளகிவிட்டது என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். சாயங்காலம் நீலம் தானாகப் பின்வாங்கியிருந்தது. மணல் புதிதாகத் தேய்த்த மாதிரி வழவழப்பாக, ஓரத்தில் மெல்லிய நுரைக்கோட்டுடன் இருந்தது. அம்மா ஈரத்தைத் துடைத்துவிட்டு, இனிமேல் மேஜைக்குக் கீழே சாக்கு விரிக்கச் சொன்னாள். வேலை முடிந்து வந்த அப்பா வெகுநேரம் குனிந்து பார்த்தார். "ஏறுறதும் எறங்குறதும்தானே. நம்ம குடும்பத் தொழில்தான்" என்றார்.

பட்டதாரி ஒரே ஒரு கப்கேக்கை ஜன்னலோரம் வைத்து, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எழுதுவதுபோல இருபத்தெட்டு நாள் நேரம் குறித்தாள். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஐம்பது நிமிடம் தள்ளி ஏறியது. இருபத்தெட்டாம் நாள் கேக் கல்லாகக் காய்ந்துவிட்டது, கிரீம் மட்டும் நேரம் தவறவில்லை. வாங்கிய பட்டத்துக்கு அந்தக் குறிப்புதான் முதல் உபயோகம். அதற்குப் பிறகு எந்த நாளுக்கும் ஏற்ற நேரத்தை அவள் மனக்கணக்காகவே சொன்னாள். அக்கா அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளவில்லை. "எத்தனை மணிக்குக் கொண்டுபோகணும், அத மட்டும் சொல்லு" என்பாள். தங்கை சொல்வாள். நாலு வருடத்தில் அக்கா ஒரு முறைகூட ஒரு கேக் ஏறுவதை நின்று பார்த்ததில்லை. அவள் கையில் இருக்கும்போது அவை எப்போதும் இறங்கித்தான் இருந்தன.

அந்த நாலு வருடத்தில் தீவு கேக் இல்லாமல் ஊரில் விருந்து இல்லை என்றாயிற்று. இருவரும் கடை வைப்பதைப் பற்றிப் பேசினார்கள். கிழித்த மைதா உறையின் பின்பக்கத்தில் அக்கா கடையை வரைந்தாள்: கண்ணாடிக் கதவு, நீளமான மேஜை, மேலே பெயர்ப் பலகை. பலகையில் இரண்டு பேர் பெயரும். யார் பெயர் முதலில் என்று ஒரு மத்தியானம் முழுக்க வாதம் நடந்தது. "ஒன் பேரே முன்னாடி வரட்டும்டி. செய்யறவ நீதான" என்று அக்கா விட்டுக்கொடுத்தாள். பட்டதாரிக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. படித்த படிப்புக்கு எந்த அலுவலகக் கதவிலும் ஏறாத பெயர் ஒரு கேக்கடைப் பலகையிலாவது ஏறும். உறையை ஓவனுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தாள். மாவைச் சலிக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டாள்.

நூற்றிருபது கப்கேக்குகளுக்கான ஆர்டரை அக்கா கொண்டுவந்தது ஒரு திங்கட்கிழமை. பல் டாக்டர் வீட்டில் பெண்ணுக்குப் பிறந்தநாள், மொட்டைமாடியில் விருந்து, இதுவரை செய்ததிலேயே அழகாக இருக்க வேண்டும் என்றாள். "பல் டாக்டர் எதுக்குக் கேக் வாங்குறாரு?" என்று பட்டதாரி கேட்டாள். "அவரு பொழப்பு ஓடணும்ல" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பட்டதாரிக்குப் பின்னால் அதிகம் எரிந்தது. பொய் சொன்னது கூடப் பரவாயில்லை, கூடச் சேர்ந்து சிரித்தாள் பார் என்று. சனிக்கிழமை மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு இறக்கம், அதற்குள் கொடுத்துவிடலாம், விருந்து நாலு மணிக்கு முடிந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். திறந்த மாடி, காற்றோட்டம் உண்டு. ஆகவே பட்டதாரி கிரீமை வழக்கத்தைவிட ஒரு விரல் உயரம் கூட்டியே பூசினாள். இருபத்து நாலுக்கு மேல் கேக்குகளை அவள் ஒரே இடத்தில் வைத்ததே இல்லை. மூடிய அறைக்கு என்று யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு கெஞ்சினாலும் செய்திருக்க மாட்டாள்.

இரண்டு நாள் முழுக்க வேலை. அன்னாசிப் பழத்தைக் காகிதம்போல் சீவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, ஓவனில் மெல்லிய சூட்டில் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் குழித்தட்டில் அழுத்தினால் ஓரம் சுருண்டு பூவாகும். அப்படி நாற்பது பூக்கள். சர்க்கரை மாவை உருட்டி இதழ் இதழாகச் சிவப்புச் செம்பருத்தி, நடுவில் மஞ்சள் மகரந்தத் தண்டு நீட்டி நிற்க, இன்னொரு நாற்பது. சாக்லேட் குச்சிகளில் பச்சை ஓலைகளை ஒட்டித் தென்னை நாற்பது. கடைசியாகக் கிளிகள்: ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு, அலகு வளைய வேண்டும், கண் ஒரு ஊசிக்குத்து, பன்னிரண்டுதான் செய்ய முடிந்தது. ஓவன் கதவில் இடித்து வலது மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்புக்குப் பக்கத்திலேயே இன்னொன்று சேர்ந்தது. அக்கா அடிக்கடி வந்து படம் எடுத்தாள். "மூஞ்சிய நகத்துடி, கை மட்டும் போதும்" என்றாள்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு அக்கா பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். கிளிகள் இருந்த பெட்டி குளிர்பெட்டியின் மேல் தட்டில் தங்கிவிட்டது. பட்டதாரி அதைப் பார்த்தபோது மணி இரண்டாகியிருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி பல் டாக்டர் வீட்டுக்குப் போனாள். டாக்டரே கதவைத் திறந்தார். மாடியில் கொடியில் துணிதான் காய்ந்தது. "பொறந்த நாளா? எங்க பொண்ணு பொறந்தது மழைக்காலம்மா" என்றார். பிறகு அவருக்கு நினைவு வந்தது. "ஓ, அது கடை திறப்பாச்சே. ஆறு மணிக்குன்னு கார்டு வந்துச்சு. நீ தங்கச்சிதான? ஒனக்குக் கார்டு வரலையா?" உள்ளே போய் கார்டை எடுத்துவந்து காட்டினார். பற்களைப் பிடுங்கும்போது முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிய மனிதர், அப்போதும் பார்க்கவில்லை.

கார்டில் போட்டிருந்த விலாசத்தில் கடை, மைதா உறையில் வரைந்தபடியே இருந்தது. கண்ணாடிக் கதவு, நீளமான மேஜை, பலகை. பலகையில் அக்காவின் பெயர் மட்டும். மேஜையின் முன்பக்கம் தரையிலிருந்து இடுப்புவரை அதே பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதி, எழுதியவர் நிழல்கூடப் போட்டிருந்தார். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம்: கிரீம் பையைப் பிழியும் இரண்டு கைகள், வலது மணிக்கட்டில் தழும்பு. அதற்குக் கீழேயும் அக்காவின் பெயர். வாசலில் அப்பா தேய்த்த சீருடையில் நின்றார். "பாப்பா, உள்ள வா, வெயில்ல நிக்காத" என்று சொல்லிவிட்டு, லிஃப்ட் கதவைப் பிடிக்கிற மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அம்மா புதுச் சேலையில் இருந்தாள். "அக்கா சொல்லிடுறேன்னாளே. சொல்லலையா?" என்றாள். ஆக, வீட்டில் தெரியாத ஆள் ஒருத்திதான். கடை வேலை நடந்த மூன்று மாதமும் எல்லோரும் அவள் பிசைந்த மாவைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறார்கள்.

பட்டதாரி கத்தவில்லை. நூற்றிருபது கேக்குகளும் அடுக்குத் தட்டுகளில் வரிசையாக இருந்தன. பன்னிரண்டில் மட்டும் மரத்தடி வெறுமையாக இருந்தது. பெட்டியைத் திறந்து, கிளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அலகு வெளிப்பக்கம் பார்க்க வைத்தாள். வேலை அவளுடையது, அரைகுறையாக விட அவளுக்கு வரவில்லை. அக்கா அவளைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே புது ஓவன் இரண்டு, இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

"சொன்னா செஞ்சிருப்பியா?" என்றாள் அக்கா.

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

"உறையில ரெண்டு பேரு எழுதுன. என் பேரு முன்னாடின்னு நீதான்க்கா சொன்ன."

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "ஒனக்குப் பேருக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து இருக்கு. அது எங்கயிருந்து வந்துச்சுன்னு நான் என்னிக்காவது கேட்டேனா? அதுல என் பேரு எங்கயாவது இருக்கா? எனக்குப் பேராவது இருக்கட்டும்டி." பிறகு, வாடிக்கையாளரிடம் பேசும் குரலில், "நீ உள்ள இருந்து செய். ஒனக்குத் தனி ரூம். யாரும் ஒன்னத் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்றாள்.

இதற்குப் பதில் இருந்தது. என்னைப் படிக்கவைக்க நீ நின்றாய் என்றால் அது வீடு செய்த அநியாயம், அதை என் கையிலிருந்து வசூலிக்காதே என்பது அந்தப் பதில். பட்டதாரிக்கு அது வார்த்தையாக வர இரண்டு வாரம் பிடித்தது. அப்போது அவள் வெறுமனே மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். அன்றைய ஏற்றம் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், ஏழு ஐம்பதுக்கு. அக்கா நேரம் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லும் பழக்கம் தங்கைக்கு அந்த நிமிடத்தோடு போயிற்று.

திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். அதுவரை கேக்கை யாரும் தொடக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள். ஏசி போட்டிருந்ததால் கதவும் சாத்தியிருந்தது. எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்று பட்டதாரி பார்த்தாள். தன் வீட்டுக்குப் போகிற பஸ் இரண்டை விட்டுவிட்டாள். ரிப்பன் வெட்டிய கைதட்டல் அடங்கியபோது அடுக்குத் தட்டுகளிலிருந்து நீலம் வழியத் தொடங்கியது. முதலில் மேஜைவிரிப்பு, பிறகு தரை, பிறகு செருப்புகள். எட்டு மணிக்குள் கடைக்குள் முழங்காலளவு கடல் நின்றது. வெதுவெதுப்பாக, வெண்ணெய் வாசத்தோடு, ஓரங்களில் நுரையோடு. வந்தவர்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார்கள், சேலைகளைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள். பல் டாக்டர் விரலை நனைத்து நாக்கில் வைத்து உப்பு இருக்கிறது என்று அறிவித்தார். காகிதக் கிண்ணங்கள் மிதந்து ஆளாளுக்கு எதிரே வந்து நின்றன, எடுத்துச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு கிளிகளும் எழுந்து டியூப் லைட்டின் மேல் போய் வரிசையாக உட்கார்ந்தன. பட்டதாரி உள்ளுக்குள் ஒன்றை எதிர்பார்த்தாள்: கூச்சல், ஓட்டம், அக்கா வாசலுக்கு வந்து தன்னைக் கூப்பிடுவது. அதற்குப் பதில் எல்லோரும் அக்காவுக்குக் கை தட்டினார்கள். இந்த ஊருக்குக் கடலைக் கொண்டுவந்தவள் என்று பெரிய மனிதர் பேசினார். அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று கும்பிட்டாள். மூன்றாவது பஸ்ஸில் பட்டதாரி ஏறினாள்.

அதற்குப் பிறகு கடல் அந்தக் கடையை விட்டுப் போகவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறியது, இரண்டு முறை இறங்கியது. நகராட்சி முதலில் அதைக் குழாய் உடைப்பு என்று எழுதி ஒரு பிளம்பரை அனுப்பியது. அவர் நாள் முழுக்கத் தேடி, குழாயில் குற்றமில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு ஆறு கப்கேக் வாங்கிக்கொண்டு போனார். கூட்டம் நெரிந்தது. அக்கா வேலைக்கு வைத்த பெண்கள் பூசிய கிரீம் அசையவே இல்லை, ஆனால் காலைச் சுற்றிக் கடலே அசையும்போது கிரீமை யார் கவனிக்கிறார்கள். ஒரே தொந்தரவு பெயின்ட். ஒவ்வொரு ஏற்றமும் மேஜை முன்பக்கத்து எழுத்துகளைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு போயிற்று. எண்ணெய் பெயின்ட், படகுக்குப் பூசுகிற பெயின்ட், எதை அடித்தாலும் அப்படித்தான். கடைசியில் பலகை எழுதுகிறவரையே அக்கா மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டாள். அவர் தண்ணீர் வடிந்ததும் வந்து பெயரை எழுதுவார், காய்ந்ததும் தண்ணீர் வந்துவிடும். அழிந்த இடத்தில் வேறு யார் பெயரையும் கடல் எழுதித் தரவில்லை. அது கடலின் வேலை இல்லை.

பட்டதாரி அந்த வாரமே வீட்டை விட்டு வந்தாள். ஊரின் மறுகோடியில், அச்சகத்துக்குப் பின்னால் ஓர் அறை. ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் மாவு எடை பார்க்கும் வேலை. மேலே ஒன்றும் பூசாத ரொட்டி. பெட்டியில் துணிமணியும், கழுவிய கிரீம் பையும், சுவரிலிருந்து பிய்த்த மைதா உறையும் இருந்தன. அறைக்கு வந்த நாலாம் நாள் காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தபோது கணுக்கால்வரை வெதுவெதுப்பான தண்ணீர். வெண்ணெய் வாசம் அடித்தது. கடையில் இறங்குகிற கடல் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். அவள் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தாள், அடுப்பை மேடையில் ஏற்றினாள், தொழிற்சாலையில் இறக்க நேரத்துக்குத் தக்கபடி ஷிஃப்ட் கேட்டு வாங்கினாள். அங்கே ஏறினால் இங்கே இறக்கம், இங்கே ஏறினால் அங்கே இறக்கம். அக்காவும் தங்கையும் பங்குபோட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

கணக்கு தெரியாத அக்கா முதல் ஆறு மாதம் கடையைத் திறப்பதும் நனைவதுமாக இருந்தாள். பிறகு ஒரு நாள் போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. "இன்னிக்கு?" என்றாள். பட்டதாரி தரையைக் குனிந்து பார்த்தாள். தண்ணீர் கதவுப் பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. "நாலு இருபது" என்றாள். தப்பான நேரம் சொல்லியிருக்கலாம். அதைப் பற்றி அவள் நிறையவே யோசித்திருக்கிறாள். ஆனால் குறித்ததை மாற்றிச் சொல்ல அவளுக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை, அதைக் கற்றவர்கள் வேறு. அன்றிலிருந்து தினமும் காலையில் போன் வந்தது. இன்னிக்கு? அஞ்சு பத்து. இன்னிக்கு? ஆறு. ஏழு வருடத்தில் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அப்பா வேலையிலிருந்து நின்ற நாளிலும், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த நாளிலும் அவ்வளவுதான்.

ஒரே ஒரு முறை அக்கா வைக்காமல் போனில் இருந்தாள். பின்னால் கிளிகளின் சத்தம் கேட்டது.

"ஏண்டி, எறங்குனா இது எங்க போகுது?"

"தெரியல."

"அங்க ஒனக்கு ஏதாவது தண்ணி கிண்ணி வருதா?"

பட்டதாரி கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். கீழே தண்ணீர் முழங்காலளவு நின்றது. அக்கா கடை ஊழியர் யாருடையதோ ஒற்றை ரப்பர் செருப்பு மேஜைக் காலைச் சுற்றி வந்தது.

"இல்ல" என்றாள்.

அவள் அக்காவிடம் சொன்ன முதல் பொய் அது. சொல்வது அவ்வளவு எளிது என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

செருப்புகள், கரண்டிகள், காகிதக் குடைகள் எல்லாம் அவள் அறைக்கு வருகின்றன. ஒவ்வொரு ஏற்றத்திலும் மறக்காமல் வருவது பெயின்ட். காலையில் பலகைக்காரர் எழுதிய பெயர் மத்தியானம் அவள் அறைத் தண்ணீரின் மேல் பாலாடைபோல் சிவப்பாக மிதக்கும். வடிவதற்கு முன் அதைத் தட்டையான கரண்டியால் வழித்து ஒரு டப்பாவில் சேர்ப்பாள். விட்டால் தரையில் ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாது. டப்பா நிறைய இரண்டு வருடம் ஆகும். வீட்டுச் சொந்தக்காரர் கேட்டுக்கொண்டபடி அதைத்தான் அறைக் கதவுக்கு அடிக்கிறாள். நல்ல பெயின்ட். மழைக்கும் வெயிலுக்கும் தாங்குகிறது. இதுவரை மூன்று பூச்சு ஆகியிருக்கிறது.